லிட்டருக்கு ஐந்தே கால்

வண்டி நிற்கும்போது இஞ்சினை அணைத்துவிட வேண்டும். இதைக் கண்டுபிடிக்கப் படிப்பு தேவையில்லை. ஆனாலும் மரக்காணம் உப்பளத்தில் மூட்டை ஏற்ற நிற்கும் லாரிகளில் பாதி, ஏற்றி முடிக்கும்வரை உறுமிக்கொண்டேதான் நிற்கும். ஒரு மணி நேரம் சும்மா ஓடினால் ஏறக்குறைய ஒரு லிட்டர் டீசல் போகும். ஒரு லிட்டரில் என் வண்டி ஐந்து கிலோமீட்டர் போகும். நின்ற இடத்திலேயே ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத்தான் அவர்கள் கிளம்புகிறார்கள்.

புரட்டாசி பிறந்த வாரத்தில் எங்கள் முதலாளி பக்தவச்சலம் என்னையும் ஆரோக்கியராஜையும் டீசல் போடும் பங்குக்குக் கூப்பிட்டார். அவரிடம் இருந்தது இரண்டு லாரிகள். ஒரே நாளில் வாங்கியவை, ஒரே மாடல். ஒன்றை நான் ஓட்டினேன், இன்னொன்றை அவன்.

"மழை வந்தா உப்பு நின்னுடும். ரெண்டு வண்டிய வச்சிக்கினு நான் இன்னா பண்றது? ஒண்ண வித்துடப் போறேன். ஒரு டிரைவர் போதும்" என்றார்.

"யாரு ஓனரே?" என்று ஆரோக்கியராஜ் கேட்டான்.

"அத்த நான் சொல்ல மாட்டேன். வண்டி சொல்லும்."

பதினைந்து நடை. உப்பளத்திலிருந்து கடலூர் முதுநகரில் இருக்கும் கருவாட்டுக் கிடங்குகளுக்கு இருநூறு மூட்டை, காலியாகத் திரும்பல். தினமும் இதே பங்கில் டேங்கை வாய்வரை நிரப்ப வேண்டும். கிலோமீட்டரையும் பில்லையும் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். அதற்காக முதலாளி 'மைலேஜ்' என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தார். குரூப்பில் மூன்றே பேர்.

"ஏன் ஓனரே, தோத்தவன் அவனா லெப்ட் ஆவணுமா, இல்ல நீங்களே தூக்கிடுவீங்களா?" என்றான் ஆரோக்கியராஜ். முதலாளி சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வராததற்குக் காரணம் இருந்தது. போன வருஷம்வரை நான்கு வருஷம் ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் இரவு ஷிஃப்ட் பார்த்தேன். பகலில் தூக்கம் வராத உடம்பு என்னுடையது. கடைசி ஆறு மாதம் நின்றுகொண்டே தூங்கினேன், படுத்தால் விழித்துக்கொண்டேன். ஒருநாள் மெஷினில் கை போயிருக்கும், பக்கத்தில் இருந்தவன் இழுத்துவிட்டான். அன்றே அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். கான்டிராக்டர் மட்டும் விடவில்லை. மாதம் ஒருமுறை போன் செய்து, நைட்டுக்கு எப்போதும் ஆள் வேண்டும், வருகிறாயா என்று கேட்பார். மழைக்காலத்தில் மரக்காணத்தில் புதிதாக டிரைவர் எடுப்பவர் யாரும் இல்லை. லாரி போனால் எனக்கு அந்தப் போன்தான்.

ஆரோக்கியராஜுக்கும் வேறு வண்டி கிடையாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஜெயிக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

முதல் நடையிலிருந்து கணக்காக ஓட்டினேன். காலையில் டயர் சூடாவதற்கு முன்பே காற்றைப் பார்த்துவிடுவேன். தார்ப்பாயை எங்கும் படபடக்காதபடி இறுக்கிக் கட்டுவேன். இஞ்சின் சுற்றைக் காட்டும் முள் பச்சைக் கோட்டைத் தாண்டுவதற்குள் அடுத்த கியர். டாப் கியரில் நாற்பத்தைந்து, ஐம்பது. பஸ்காரன் பின்னால் நின்று ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். வழியில் காயலைக் கடக்கும் பாலத்து இறக்கத்தில் கியரைக் கழற்ற மாட்டேன். கியரில் வைத்துக் காலை எடுத்தால் இந்தக் காலத்து இஞ்சின் டீசலைத் தானே நிறுத்திக்கொள்ளும், சக்கரம்தான் இஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால் இஞ்சின் உயிரோடு இருக்க எரித்துக்கொண்டே இருக்கும், வண்டியும் பிடி இல்லாமல் ஓடும். ஆரோக்கியராஜ் பாலத்தின் உச்சிக்கு வந்ததும் நியூட்ரல் போட்டுவிட்டு ஸ்டியரிங்கில் தாளம் தட்டுகிறவன், அவனே பெருமையாகச் சொல்லியிருக்கிறான். அவன் அப்பா காலத்து லாரியில் அது சரியாக இருந்திருக்கலாம்.

மூட்டை ஏற்றும்போதும் அவன் இஞ்சினை அணைக்க மாட்டான். பழைய வண்டியில் செல்ஃப் எடுக்காமல் பலமுறை தள்ளிய பயம். உப்பளத்தில் இவன் வண்டி கர் கர் என்று நிற்கும், என் வண்டி கல் மாதிரி நிற்கும்.

முதல் வாரம் முடிந்தபோது என் எண் லிட்டருக்கு ஐந்தே கால். அவனுடையது நாலே முக்கால். குரூப்பில் முதலாளி எனக்குக் கட்டைவிரல் போட்டார். அந்தக் கட்டைவிரலை நான் எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று சொன்னால் கேவலமாக இருக்கும். கம்பெனியில் ஷிஃப்ட் முடியும்போது சுவரில் உற்பத்தி எண் ஒன்று விழும். அது நாற்பது பேரின் எண். அதில் நான் எங்கே இருந்தேன் என்று யாருக்கும் தெரியாது. இந்த ஐந்தே கால் என் கால் போட்ட எண். அப்படித்தான் நம்பினேன்.

ஒன்பதாம் நடைக்கு நான் கொஞ்சம் முன்னதாகவே உப்பளம் போய்விட்டேன். மூட்டை தூக்கும் பெண்களுக்கு அஞ்சம்மாள்தான் தலைமை. ஐம்பது வயது இருக்கும். தலையில் சும்மாடு, காலில் கிழிந்த சாக்ஸ், வாயில் வெற்றிலை. அங்கே இரண்டு உப்புக் குவியல்கள் இருந்தன. ஒன்று கோடையில் வாரியது, கீற்றுப் போட்டு மூடிக் காய்ந்து கல்லாகக் கிடந்தது. இன்னொன்று போன வாரம் பாத்தியிலிருந்து வாரிப்போட்டது. அடியில் இன்னும் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

என் வண்டியைப் பார்த்ததும் அஞ்சம்மாள் பின்னால் திரும்பிக் கத்தினாள். "ஏய், மணி வண்டி வந்துச்சு. காஞ்சதுலேர்ந்து புடிங்கடி. ஈரத்துல கை வெக்காதீங்க, அது அந்தப் பொகைக்காரனுக்கு."

நான் இறங்கிப் போனேன். "இன்னாக்கா அது, காஞ்சது ஈரம்னு?"

"உனக்கு இன்னா, நல்லதுதான போட்றோம். ஏறிக் குந்து."

"இல்லக்கா, சொல்லு."

வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாள். "ரெண்டு குவியலையும் காலி பண்ணியாவணும். ஈரமூட்டை யாருக்காச்சும் போயித்தான் ஆவணும். தலையில தூக்குனா உப்புத்தண்ணி ஒழுவி கண்ணு எரியுது. அந்தத் தண்ணி லாரிக்குள்ளயும் ஒழுவும், தகடு துருப்புடிக்கும். சரி, யாரு வண்டி துருப்புடிக்கட்டும்னு நாங்க பேசிக்கினோம். அந்த ராஜு ஒரு மணி நேரம் எங்க மூஞ்சிலயே பொகைய வுட்றான். நிறுத்துடான்னா, ஸ்டார்ட் ஆவாதுன்றான். நீ வந்தவொடனே நிறுத்திட்ற. பொம்பளைங்க நிக்கறாங்கன்னு ஒரு நெனப்பு இருக்குது உனக்கு."

எனக்கு அப்படி ஒரு நினைப்பும் இருந்ததில்லை. டீசலுக்காகத்தான் நிறுத்தினேன். அவர்கள் மூஞ்சியை நான் பார்த்ததே இல்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

"மூட்டை ஒண்ணுக்கு எடை எவ்ளோ வித்தியாசம் வரும்க்கா?"

"எடையா? யாரு போட்டா எடை? மூணு கூடை ஒரு மூட்டை. எங்கம்மா காலத்துலேர்ந்து அதான்."

ஒரு காய்ந்த மூட்டையைத் தூக்கிப் பார்த்தேன். பிறகு ஈரக் குவியல் பக்கம் தைத்து வைத்திருந்த ஒன்றைத் தூக்கினேன். முட்டி மடங்கியது. ஏழெட்டு கிலோ கூட இருக்கும். இருநூறு மூட்டைக்கு ஒன்றரை டன். எட்டு நாளாக ஆரோக்கியராஜ் தன் லாரியில் ஒரு யானைக்குட்டியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறான். அது அவனுக்குத் தெரியாது. முதலாளிக்கும் தெரியாது. அவரும் மூன்று கூடை ஒரு மூட்டை என்று வாங்கி, மூட்டை கணக்கிலேயே விற்கிறவர். உப்புக்கு எடை உண்டு என்ற யோசனையே அவருக்கு வந்திருக்காது.

அன்றைக்குக் காய்ந்த மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கடலூர் போனேன். வழியில் எதுவும் தோன்றவில்லை. கீழ்புத்துப்பட்டு தாண்டும்போதுதான் ஒன்று தோன்றியது. என் ஐந்தே காலில் எவ்வளவு என் கால், எவ்வளவு காய்ந்த உப்பு? இதற்கு விடை தெரியாமல் ஜெயித்தால் அது ஜெயிப்பா? பிறகு, தோற்றால் ஒரகடம் என்பதும் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று நடைகள் போயின. தினமும் அஞ்சம்மாள் காய்ந்ததைப் போட்டாள். தினமும் நான் இஞ்சினை அணைத்தேன்.

பன்னிரண்டாம் நடை முடிந்து பங்கில் இருவரும் டேங்க் நிரப்பிக்கொண்டிருந்தபோது முதலாளி பைக்கில் வந்து இறங்கினார். நேராக ஆரோக்கியராஜிடம் போனார்.

"ராஜு, உண்மைய சொல்லு. எங்க ஊத்தற?"

"இன்னா ஓனரே ஊத்தறேன்?"

"டீசலு. ரெண்டும் ஒரே வண்டி. ஒரே ரோடு. ஒரே லோடு. அவன் அஞ்சே கால் காட்றான், நீ நாலே முக்கால் காட்ற. தெனம் ரெண்டு ரெண்டரை லிட்டரு எங்க போவுது? காலாப்பட்டுல எவனுக்காச்சும் கேன்ல புடிச்சி விக்கிறியா?"

பங்கில் டீசல் அடிக்கும் பெண் பம்பை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். ஆரோக்கியராஜ் முதலில் சிரித்தான். "ஓனரே, நான் குடிப்பேன், ஒத்துக்கறேன். ஆனா டீசல குடிக்க மாட்டேன்."

"வெளையாடாத. போலீஸ்ல சொல்லட்டுமா?"

சிரிப்பு நின்றது. அவன் முகம் கறுத்துச் சுருங்கியதை நான் பார்த்தேன். பத்து வருஷமாக அவன் டிரைவர். திருடன் என்று பேர் விழுந்தால் இந்த வண்டி மட்டும் இல்லை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் எந்த வண்டியும் இல்லை.

நான் பேசினேன். அவன் மேல் இரக்கப்பட்டுப் பேசினேன் என்று எழுதலாம். கொஞ்சம் இருந்தது. ஆனால் பெரும்பங்கு வேறு. எடையைச் சமமாக வைத்தாலும் நான்தான் ஜெயிப்பேன் என்று நம்பினேன். மூன்று நாளாக அரித்துக்கொண்டிருந்தது அந்தக் கேள்வி. அதைக் கேட்டுப் பார்த்துவிட ஒரு சாக்குக் கிடைத்தது.

"ஓனரே, அவன் லோடு வேற, என் லோடு வேற" என்றேன்.

"மூட்டை மூட்டைதானப்பா? எரநூறு மூட்டை."

"அவனுக்கு ஏத்தறது ஈர உப்பு. எடை போட்டுப் பாருங்க."

முதலாளி நம்பவில்லை. மறுநாள் காலை இரண்டு லாரிகளையும் மூட்டையோடு எடைமேடையில் ஏற்றினார். சீட்டு வந்ததும் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். ஆயிரத்து அறுநூறு கிலோ வித்தியாசம். "அடப்பாவிங்களா" என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. கருவாட்டுக்காரர்கள் இத்தனை வருஷம் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார்களா என்று அவர் மனசு வேறு பக்கம் ஓடியது.

பிறகு என்னைப் பார்த்தார். "உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"நாலு நாளா."

"நாலு நாளா சும்மாவா இருந்த?"

ஆரோக்கியராஜ் என்னை முழுசாக ஒரு முறை பார்த்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கேட்டது வேறு. "எனக்கு மட்டும் ஏன்டா ஈரம்?"

சொன்னேன். புகையைச் சொன்னேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான். "ஐயோ, அதுக்காவா? வாயத் தொறந்து சொல்லித் தொலையக் கூடாதா?"

"சொன்னாங்களாம். ஸ்டார்ட் ஆவாதுன்னியாம்."

"ஆமா, சொன்னேன்" என்றான்.

முதலாளி பழைய எண்களை எல்லாம் தூக்கிப் போட்டார். புதிதாக மூன்று நடை. மூட்டைகளைக் கலந்து ஏற்றி, எடைமேடையில் உப்பைப் பத்தரை டன்னுக்குச் சரிசெய்து, இரண்டு வண்டியும் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டும். அந்த மூன்று நாளும் ஆரோக்கியராஜ் உப்பளத்துக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகச் சாவியைத் திருப்பி, அதைக் கையில் எடுத்துத் தூக்கி அஞ்சம்மாளுக்குக் காட்டினான். "பாத்துக்கோ சின்னம்மா, செத்துப்போச்சு." அவள், "நீயும் ஒருநாள் இப்படித்தான்" என்றாள். பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவனிடம் இருந்த பெரிய ஓட்டையை நானே அடைத்துக் கொடுத்துவிட்டேன் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. எனக்கு என் கால் மேல் அவ்வளவு நம்பிக்கை.

முதல் நாள் நான் முன்னால் போனேன். இரண்டாம் நாள் அவன் முன்னால், நான் பின்னால். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவன் ஓட்டுவதைப் பார்த்தேன். அதற்கு முன் அவனைப் பார்த்ததெல்லாம் நின்ற வண்டியில்தான்.

மரக்காணம் தாண்டிப் பத்து நிமிஷம் ஆனபோது எதுவோ குறைகிற மாதிரி இருந்தது. பிறகு புரிந்தது. அவன் பின்னால் சிவப்பு விளக்கு எரியவே இல்லை. முன்னால் ஒரு மாட்டுவண்டி. நான் அதைப் பார்ப்பதற்குள் அவன் லாரி வேகம் தளர்ந்திருந்தது. மாட்டுவண்டி ஓரம் ஒதுங்கவும் இவன் போய்ச் சேரவும் சரியாக இருந்தது. போலீஸ் இரும்புத் தடுப்பு வைத்த இடத்திலும் அப்படியே. ஒரு பள்ளிக்கூட பஸ் நின்றது. அவன் அதற்கு முந்நூறு அடி முன்பே காலை எடுத்துவிட்டு ஊர்ந்தான். பஸ் கிளம்பியது, இவனும் அதன் பின்னால் நகர்ந்தான். வண்டி எங்கேயும் நிற்கவில்லை. எண்ண ஆரம்பித்தேன். காலாப்பட்டு வரைக்கும் அவன் பிரேக் விளக்கு மூன்று முறை எரிந்தது. நான் பதினாறு முறை மிதித்திருந்தேன்.

பத்தரை டன் உப்பையும் வண்டியையும் ஐம்பது வேகத்துக்குக் கொண்டுவர எரித்த டீசல் அந்த ஓட்டத்துக்குள்தான் இருக்கிறது. பிரேக்கை மிதிக்கும்போது அதைச் சூடாக்கி ரோட்டில் விட்டுவிடுகிறோம். மறுபடி கிளம்ப மறுபடி எரிக்கிறோம். இதை நான் படித்திருந்தேன். ஆனால் என் கண் முள்ளில் இருந்தது, கியரில் இருந்தது, பச்சைக் கோட்டில் இருந்தது. அவன் கண் ரோட்டில் இருந்தது. பாலத்து இறக்கத்தில் அன்றும் நியூட்ரல்தான் போட்டான். வண்டி பிடிப்பு விட்டு உருண்டதைப் பின்னாலிருந்தே உணர முடிந்தது. அது ஒன்றில் நான் சரி. அது ஒன்று போதாது என்பதும் தெரிந்தது.

மூன்றாம் நாள் அவனைப் போல ஓட்டிப் பார்த்தேன். கண்ணைத் தூரத்தில் வைத்தேன். தூரத்தில் வைத்தால் பக்கத்தில் இருப்பது தப்பியது. காலாப்பட்டில் பஸ்ஸைப் பிடிக்கப் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு கூட்டம் குறுக்கே வந்தது. அழுத்தி மிதித்தேன். வண்டி நின்றது. முதல் கியரிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். ஒரு பழக்கத்தை ஒரே நாளில் காலுக்குச் சொல்லிக் கொடுக்க முடியாது.

சாயங்காலம் பங்கில் இரண்டு டேங்கும் நிரம்பின. நுரை அடங்கும்வரை முதலாளி பக்கத்திலேயே நின்று, இன்னும் கொஞ்சம் அடிக்கச் சொன்னார். போனில் கணக்குப் போட்டார். மூன்று நடைக்கும் சேர்த்து எனக்கு ஐந்து புள்ளி ஒன்று. ஆரோக்கியராஜுக்கு ஐந்து புள்ளி மூன்று.

"மணி, தப்பா நெனைக்காதப்பா" என்றார் முதலாளி.

"இதுல நெனைக்க இன்னா இருக்குது" என்றேன். சாவியைக் கொடுத்தேன். திருடன் என்று சொன்னதற்கு அவர் ஆரோக்கியராஜிடம் எதுவும் சொல்லவில்லை. தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு பைக்கை எடுத்தார்.

நானும் அவனும் டயருக்குக் காற்று அடிக்கும் இடத்தில் நின்றோம். அவன் டீ வாங்கி வந்தான்.

"ஏன்டா ராஜு, பிரேக்கே போட மாட்டியா நீ?"

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "இதுக்கு முன்னாடி திண்டிவனத்துல ஒருத்தன்கிட்ட ஓட்னேன். அந்த வண்டில பிரேக்கே கெடையாதுடா. லைனிங் மாத்துங்கன்னா, அடுத்த மாசம், அடுத்த மாசம்னுவான். ரெண்டு வருசம் அப்டியே ஓட்னேன். தூரத்துலயே பாக்கலன்னா செத்துருப்பேன். உயிர் பயம்டா, வேற ஒண்ணும் இல்ல."

நான் புத்தகத்தில் படித்ததை அவனுக்கு ஒரு கஞ்சன் கற்றுக் கொடுத்திருக்கிறான்.

"அந்தப் பாலத்துல மட்டும் நியூட்ரல் போடாத" என்றேன். "இந்த வண்டிக்கு அது நஷ்டம். நீ நெனைக்கிற மாதிரி இல்ல. கியர்லயே வுடு. பிடிப்பும் இருக்கும்."

"நெஜமாவா?"

"நெஜமா."

மீதி டீயைக் குடித்தான். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டான். "நீ ஏன் சொன்ன? வாய மூடிக்கினு இருந்திருந்தா வண்டி உன்னுது. ஓனர் என்னத் தொரத்திருப்பான்."

"எப்பிடியும் நான்தான் ஜெயிப்பேன்னு நெனச்சேன்."

அதற்கும் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "சரி" என்றான். டம்ளர் இரண்டையும் வாங்கிக்கொண்டு கடைப்பக்கம் போனான். அவன் திரும்பி வருவதற்குள் நான் ஒரகடத்துக் கான்டிராக்டருக்குப் போன் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். திங்கட்கிழமை வரச் சொன்னார். எந்த ஷிஃப்ட் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.